தங்கத்துக்குப் போட்ட சோப்பு

எங்கள் பிஎச்.டி. கைடுக்குத் தங்கத்தின் மேல் ஆசை வந்ததற்கு அறிவியல் காரணம் ஒன்றும் கிடையாது. அதுவரை அவர் இரும்புத் துருவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். துருவைப் பற்றிப் பேசுகிறவருக்கு எவன் பொன்னாடை போர்த்துவான்? சென்னையில் ஒரு கருத்தரங்குக்குப் போனார். அங்கே பேசிய அத்தனை பேரும் நானோ நானோ என்றார்களாம். திரும்பி வந்த மறுநாள் காலையே எங்களைக் கூப்பிட்டு, இனிமேல் நமக்குத் தங்கம்தான் என்றார். இரண்டாயிரங்களின் நடுவில், விருத்தாசலத்தில், செராமிக் தொழிற்பேட்டையைத் தாண்டி முந்திரித் தோப்புக்குள் கட்டிய ஒரு தனியார் கல்லூரியில் நானோ தங்கம் பிறந்த கதை இதுதான்.

தங்கம் என்றால் பிஸ்கட்டோ கட்டியோ இல்லை. அரை கிராம் தங்க உப்பு, சுண்டுவிரல் உயரக் கண்ணாடிக் குப்பியில். அதைக் கைடு தன் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். ஒரு துளி வேண்டுமென்றால் அவர் வகுப்பு முடிந்து, டீ குடித்து, வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டு வரும்வரை நாம் வாசலில் நிற்க வேண்டும். எங்கள் தெருவில் இருக்கிறவர்கள் அதற்கும் மேல். காலேஜில் தங்கம் செய்கிறாளாமே, நமக்கெல்லாம் ஒரு மூக்குத்தி செய்து தரமாட்டாளா என்று என் அம்மாவிடம் கேட்டார்கள். அம்மாவும் பெருமையாகச் சிரித்துவிட்டு வந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஊரில் யாருக்கும் எதையும் விளக்கிப் பிரயோஜனமில்லை என்று அப்போது முடிவு கட்டியவள்தான். அந்த முடிவு என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன், பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. தங்க உப்பைத் தண்ணீரில் கரைத்தால் மஞ்சள். அதைக் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களாக மாற்ற வேண்டும். துகள் உருண்டையாக வந்தால் தண்ணீர் ரோஸ்மில்க் நிறத்துக்குப் போகும். நீட்டமாக, குச்சி குச்சியாக வந்தால் நீலமும் பழுப்பும் கலந்த அழுக்கு நிறம். உலகம் முழுக்க எல்லோருக்கும் வேண்டியது அந்த அழுக்கு நிறம்தான். அதைக் கொண்டுவருவது ஒரு வெள்ளைப் பொடி. முழுப்பெயரைச் சொல்லி முடிக்க ஒரு மூச்சு போதாது, நாங்கள் சீடாப் என்போம். சோப்பு ஜாதி. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை, ஒரு நீள வால். தங்கத் துகளின் பக்கவாட்டில் அது நெருக்கமாக ஒட்டிக்கொண்டு அங்கே மேற்கொண்டு தங்கம் படியவிடாது. வேறு போக்கிடம் இல்லாத தங்கம் இரண்டு முனையிலும் படிந்து படிந்து நீளும். கடுகு சீரகமாகும். அவ்வளவுதான்.

எனக்கு முதல் தடவையே வந்தது. பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி டிபன் கேரியரில் போட்டுக்கொண்டு போவேன், ஒரு கரைசலை ஐஸில் வைக்காவிட்டால் கெட்டுவிடும் என்பதால். அன்றும் அப்படித்தான் போனேன். மஞ்சள் கரைசலில் வைட்டமின் சி விட்டதும் நிறம் போய் வெறும் தண்ணீர் மாதிரி ஆனது. அதில், குச்சி வளர விதையாக முன்பே செய்துவைத்த பொடித் தங்கத் துகள் ஒரு சொட்டு. பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு குழாயின் அடியிலிருந்து அந்த அழுக்கு நிறம் ஏறியது. கைடு குழாயை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு தாளாளர் அறைக்கு ஓடினார். தாளாளர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இதில் எத்தனை பவுன் தேறும் என்று கேட்டாராம். வெளியூரில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்துவந்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, கபடிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். கட்டுரையும் ஒன்று வந்தது. கைடு பெயர் முதலில், தாளாளர் பெயர் நடுவில், என் பெயர் கடைசியில். தாளாளருக்கும் தங்கக் குச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கைராசி இருக்கிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதைக் கேட்கவே எனக்கு நேரம் போதவில்லை.

இனி இன்னொருவரைப் பற்றி. ஆய்வகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் ஆய்வு மாணவர்கள். அவர் ஸ்ரீமுஷ்ணம் பக்கம். விடியற்காலைப் பஸ்ஸில் வந்து, செராமிக் பேட்டையில் ஃபியூஸ் கேரியர் என்கிற பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் யூனிட் ஒன்றில் பத்து மணி வரை சரக்குச் சோதிக்கும் வேலை பார்த்துவிட்டு, அங்கிருந்து கல்லூரிக்கு வருவார். மண் தூசி சட்டைக் காலரில், காது மடலில், வெள்ளையாக இருக்கும். என்னைவிட மூன்று வயது பெரியவர், எனக்கு முன்பே பதிவு செய்தவர். துருவில் நாலு வருடம் உழைத்தபிறகு, அதையெல்லாம் மூட்டை கட்டு, தங்கம் செய் என்று கைடு சொல்லிவிட்டதால் பாவம் பாதியில் நின்றவர். பல்கலைக்கழகம் கொடுத்த கெடு அந்த டிசம்பரோடு முடிகிறது. அதற்குள் குச்சி வந்து, அதை வைத்து ஆய்வேட்டைக் கொடுத்தால் பட்டம். கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, ஏழு வருடமும் தண்டம்.

அவர் என்னை மேடம் என்று கூப்பிடுவார். நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணா என்றால் ஒட்டிக்கொள்வார், சார் என்றால் மரியாதை ஆகிவிடும். ‘இங்க பாருங்க’ என்று சொல்லியே காலத்தை ஓட்டினேன். அவருடைய நோட்டுப் புத்தகம் எனக்குத் தினசரி வேடிக்கை. கரைசல் அளவு எழுதுவார், சரி. எந்தக் கம்பெனிப் பாட்டில், அதன் மேல் என்ன தொகுதி எண், அன்றைக்கு மழையா வெயிலா, கரண்ட் எத்தனை மணிக்குப் போனது, எல்லாம் எழுதுவார். பி.எஸ்ஸி. பிள்ளைகள் முன்னால் அதை எடுத்து வாசித்துக் காட்டி, இவர் ஆராய்ச்சி செய்கிறாரா கிராம கர்ணம் வேலை பார்க்கிறாரா என்று சிரித்திருக்கிறேன். அவரும் கூடச் சிரித்தார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நான் பயன்படுத்திய சீடாப் பாட்டில், கைடு சென்னையிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவந்தது. அது தீர்ந்தபோது ஆபீஸ் வழக்கப்படி மூன்று இடத்தில் விலை கேட்டு, இருப்பதிலேயே மலிவானதை வாங்கினார்கள். மேலே அதே பெயர், அதே தொண்ணூற்றொன்பது சதவீத சுத்தம், கம்பெனி மட்டும் வேறு. இவருடைய முறை அந்தப் பாட்டிலோடுதான் ஆரம்பித்தது. நான் செய்த அதே முறையில், அதே அளவில் செய்தார். ரோஸ்மில்க் வந்தது. மறுநாள் செய்தார், ரோஸ்மில்க். ஆடி முழுக்க, ஆவணி முழுக்க அந்த மேஜை மேல் வரிசையாக ரோஸ்மில்க் குழாய்கள்தான். கல்யாண வீட்டுப் பந்தியில் வைக்கிற மாதிரி இருக்கிறதே என்று கேட்டேன்.

கைடு சீக்கிரமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். இவருக்குக் கை வராது. ஃபியூஸ் கட்டையைப் பிடித்த கைக்குத் தங்கம் எப்படி வசப்படும் என்று என்னிடமே சொன்னார், நானும் தலையாட்டினேன். என் பங்குக்கு, உங்கள் மேலே இருக்கிற மண் தூசிதான் கரைசலில் விழுந்து காரியத்தைக் கெடுக்கிறது, கையை முழங்கை வரை கழுவிவிட்டு வாருங்கள் என்று பிள்ளைகள் முன்னாலேயே சொன்னேன். போய்க் கழுவிக்கொண்டு வந்தார். அன்றைக்கும் ரோஸ்மில்க்தான். தூசிதான் காரணம் என்றால் அன்றைக்கு ஏன் வரவில்லை என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிறவளாக இருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஒருநாள் என் மேஜைக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று, குச்சி வராததற்குக் காரணம் பாட்டிலாக இருக்கும் என்றார். பெயர் ஒன்று, சுத்தம் ஒன்று, அப்புறம் என்ன பாட்டில் என்று கேட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குச் சொல்கிற மாதிரி, ஒரு சேர்மம் எங்கே செய்தாலும் அதே சேர்மம்தான் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“மண்ணும் ஒரே பேருதாங்க மேடம். லோடு மாறினா சூளையில வெடிச்சிடுது. அதான் பழசுல கொஞ்சம் எடுத்து வச்சிருக்கேன்.”

அவர் யூனிட்டில் அப்படி ஒரு பழக்கம். புதிதாக மண் லாரி வந்தால் பழைய மண்ணில் ஒரு கூடையைத் தனியே எடுத்து வைக்காமல் இறக்கவிட மாட்டார்கள். பழையதில் நாலு கட்டை, புதியதில் நாலு கட்டை, இரண்டையும் அடையாளம் போட்டுச் சூளையில் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுடுவார்கள். பழையது நன்றாக வந்து புதியது வெடித்தால் குற்றம் மண்ணில். இரண்டும் வெடித்தால் குற்றம் சூளையில். இரண்டில் ஒன்று தெரியாமல் ஆளைத் திட்டக்கூடாது என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பழக்கத்தில்தான், நான் தூக்கிப்போட்ட பழைய சீடாப் பாட்டிலைக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்து, அடியிலும் ஓரத்திலும் ஒட்டியிருந்ததைச் சுரண்டி, கழுவிக் காயவைத்த ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். மேலே ஒரு சீட்டு, நீல மையில் ‘பழசு’. நாலைந்து தடவைக்குக் காணும். ஒரே நாள், ஒரே தண்ணீர், ஒரே தங்கம், ஒரே கை. ஒரு குழாயில் பழையது, ஒரு குழாயில் புதியது. இரண்டும் என்ன நிறம் வருகிறது என்று பார்த்துவிட்டால் தெரிந்துபோகும். அது மட்டும் அவர் சொன்னபடி வந்துவிட்டால் அதையே ஒரு அத்தியாயமாக எழுதி டிசம்பருக்குள் கொடுத்துவிடலாம். தங்க உப்பு தீர்ந்திருந்தது, அடுத்த குப்பி ஆயுத பூஜை கழித்துத்தான் வரும் என்று கைடு சொல்லியிருந்தார். அதற்காகக் காத்திருந்தார்.

எனக்கு அது எப்படிப்பட்ட யோசனை என்று புரிந்ததா? புரிந்தது. கேட்ட அன்றே புரிந்தது. இரும்புத் துருவும் மண்ணும் தவிர ஒன்றும் தெரியாது என்று நான் நினைத்த ஆளுக்கு, எனக்குத் தோன்றாத ஒன்று தோன்றியிருக்கிறது. அதைவிட மோசம், அவர் சொல்வது சரியென்றால் என் கைராசி என்பது சும்மா, எனக்குக் கிடைத்த பாட்டில் நல்ல பாட்டில், அவ்வளவே. ஊறுகாய்ப் பாட்டிலை வைத்து ஆராய்ச்சியா, நன்றாக இருக்கும் போங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கல்லூரியில் பூஜை. தாளாளர் ஒவ்வொரு துறையாக வந்து தேங்காய் உடைத்துவிட்டுப் போவார். அவர் வருகிறார் என்றால் எங்கள் கைடுக்குக் கால் தரையில் பாவாது. தராசுக்குச் சந்தனம், மையவிலக்கு எந்திரத்துக்குக் குங்குமம், நிறமாலைமானி என்று சொல்லி வாங்கி மூன்று வருடமாக வேலை செய்யாத பெட்டிக்கு மாலை. உள்ளே விளக்கே எரியாத எந்திரத்துக்கு ஊதுபத்தி காட்டுகிற துறையை வேறெங்காவது பார்க்க முடியுமா தெரியாது. கண்ணாடிச் சாமான் அத்தனையும் பளபளவென்று இருக்க வேண்டும், ஒரு கறை தெரிந்தால் தொலைந்தீர்கள் என்று காலையிலேயே கத்திவிட்டுப் பொரிகடலை வாங்கப் போய்விட்டார்.

கழுவுகிற வேலை அட்டெண்டர் அக்காவுக்கு. மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், பன்னிரண்டு வருட வேலை, இன்னமும் தினக்கூலி. சோப்புத் தூள் கேட்டு ஒரு வாரத்துக்கு முன்பே சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார், ஆபீஸில் கையெழுத்துப் போட வேண்டியவர் லீவு. நான் என் மேஜையில் உட்கார்ந்து ஆய்வேட்டுக்கு முன்னுரை எழுதிக்கொண்டிருந்தேன். ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் யூனிட்டில் பூஜை என்று மதியத்துக்கு மேல்தான் வருவதாக இருந்தது. அவருடைய அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா ஊறுகாய்ப் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“இது என்ன பொடிம்மா? நீங்கல்லாம் இதத்தான எந்நேரமும் நிறுத்துக்கினு இருக்கீங்க?”

நிமிர்ந்து பார்த்தேன். பார்க்காமல் சொல்லிவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். பார்த்தேன். நீல மையில் ‘பழசு’ என்று எழுதியிருந்ததும் தெரிந்தது. இந்த அம்மாவுக்கு இதை விளக்கி என்ன ஆகப்போகிறது என்கிற அலுப்பு பாதி. அந்தச் சீட்டைப் பார்த்ததும் வந்த இளக்காரம் பாதி.

“சோப்புதான்க்கா” என்றேன்.

பொய்யில்லை பாருங்கள். சோப்பு ஜாதிதான். நான் படித்த படிப்புக்கு அந்தச் சமாதானம் உடனே வந்து நின்றது. அக்கா அங்கேயே நின்றார், சோப்பு என்றால் எடுத்துக்கொள்ளட்டுமா, ஆபீஸில் தூள் தரவில்லை, ஐயா வந்தால் கத்துவார் என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு முன்னுரைக்குத் திரும்பினேன். ஒரு ஸ்பூன் எடுப்பார், மீதி இருக்கும், அவரும் கொஞ்சம் பதறட்டும் என்று நினைத்தேனோ என்னவோ. அதற்குமேல் நினைத்ததாக ஞாபகம் இல்லை. கொஞ்ச நேரத்தில் குழாயடியிலிருந்து அக்கா குரல் கொடுத்தார், நுரை சும்மா பொங்குது, கடையில் விற்கிறதெல்லாம் இதுக்குக் கிட்ட வராது என்று. நான் எழுந்து போகவில்லை.

மதியம் அவர் வந்தபோது எல்லாம் பளபளவென்று இருந்தது. குடுவைகள், குழாய்கள், பியூரெட்டுகள், எல்லாவற்றுக்கும் நடுவில் கழுவிக் கவிழ்த்துவைத்த ஊறுகாய்ப் பாட்டில். சீட்டு ஈரத்தில் பிய்ந்து போயிருந்தது. அதைக் கையில் எடுத்து, உள்ளே விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தார். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் பாட்டிலை இருந்த இடத்திலேயே திரும்பக் கவிழ்த்து வைத்தார். கைடு வந்து என்ன என்று கேட்டார். அக்காவுக்கு அதற்குள் ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்துவிட்டது, முகம் வெளிறிப் போயிருந்தது. யாரைக் கேட்டு எடுத்தாய் என்று கைடு கத்தினார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் தராசுக்கு வைத்த சந்தனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நானாத்தாங்க எடுத்தேன். சோப்புன்னு நெனச்சிட்டேன்” என்றார்.

பூஜை முடிந்து பொரிகடலை கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன், தின்னவும் செய்தேன். மறுவாரம் அக்காவை ஆய்வகத்திலிருந்து எடுத்து விடுதிச் சமையல் கட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போட்டார்கள். கூலியிலும் குறைத்தார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். வழியில் என்னைப் பார்த்தால், நல்லா இருக்கியாம்மா, படிப்பு முடிஞ்சிடுச்சா என்று விசாரிப்பார். அந்த விசாரிப்புக்குப் பயந்து நான் விடுதிப் பக்கம் போகிற வழியையே மாற்றிக்கொண்டேன்.

ஸ்ரீமுஷ்ணத்துக்காரருக்கு இன்னும் ஒரு வழி இருந்தது. ஆறு மாதம் கெடு நீட்டிக்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடலாம். பழைய பாட்டிலின் கம்பெனி, தொகுதி எண் எல்லாம் அவர் நோட்டில் இருந்தது. நான் சிரித்த அதே நோட்டு. எழுதிப் போட்டால் அதே தொகுதியில் ஒரு பாட்டில் தேடித் தருகிறேன் என்று கம்பெனி ஏஜெண்டும் ஒப்புக்கொண்டிருந்தார், நாலு மாதம் ஆகும், அவ்வளவுதான். ஆனால் விண்ணப்பத்தில் காரணம் எழுத வேண்டும். சோதனைப் பொருள் ஆய்வகத்தில் தவறுதலாக அழிந்துவிட்டது என்று அவர் எழுதினார். கைடு அதை ஏற்கவில்லை. அழிந்தது சோப்பு என்று அட்டெண்டரே சொல்லிவிட்டாள், ஊறுகாய்ப் பாட்டிலில் வேறு என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும், ஆய்வகத்தில் இருக்கிற இன்னொருவர் அதில் இருந்தது சீடாப்தான் என்று கையெழுத்துப் போட்டால் அனுப்புகிறேன் என்றார். ஆய்வகத்தில் இருக்கிற இன்னொருவர் நான்தான்.

படிவத்தை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். ஒரு கையெழுத்துத்தான் மேடம் என்றார். போட்டால் அடுத்த கேள்வி வரும். சீடாப் என்று உனக்குத் தெரியும் என்றால், அதை அந்த அம்மா எடுத்துக் கழுவும்போது நீ எங்கே இருந்தாய்? என் ஆய்வேடு அப்போது கைடு மேஜையில் கையெழுத்துக்குக் கிடந்தது. அதே கல்லூரியில் நிரந்தர விரிவுரையாளர் வேலைக்கான நேர்முகத் தேர்வு தை மாதம். நான் அந்தப் பாட்டிலைச் சரியாகப் பார்க்கவில்லை, பார்க்காததற்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது, எனக்கென்று ஒரு நேர்மை இருக்கிறது என்றேன். நேர்மை என்ற சொல்லை அன்றைக்கு நான் சொன்னேன். 

கைடு கடைசியில் பெரிய மனது வைத்தார். சுவரில் மாட்டியிருக்கிற என்னுடைய குச்சிப் படத்தையே இவர் செய்ததாகப் போட்டுக் கொடுத்துவிடலாம், எவன் போய்ப் பார்க்கப்போகிறான் என்று யோசனை சொன்னார். அவர் குழைந்து நின்று, அது மேடம் செஞ்சதுங்க சார் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். பிழைக்கத் தெரியாத ஜென்மம் என்றார் கைடு. நான் அதற்கும் தலையாட்டினேன். டிசம்பர் முடிந்தது, பதிவு ரத்தானது. அவர் நோட்டுகளை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் கயிறு கட்டி எடுத்துக்கொண்டு போனார். எனக்குப் பட்டம் வந்தது, நிரந்தர வேலை கிடைத்தது, பேட்டை ரோட்டில் என் பெயருக்கு முன்னால் முனைவர் போட்டு ஒரு தட்டி கூட வைத்தார்கள். தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். நானும் ஆடினேன்.

பிறகு ஓரிரு வருடத்தில் வெளிநாட்டு இதழ்களில் அந்தச் சமாச்சாரம் வர ஆரம்பித்தது. நூலகக் கணினியில் படித்தேன். ஒரே பெயர், ஒரே சுத்தம் என்று விற்கிற சீடாப்பைப் பல கம்பெனிகளிடமிருந்து வாங்கி, ஒரே முறையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்து பார்த்திருக்கிறார்கள். சிலதில் குச்சி வருகிறது, சிலதில் உருண்டைதான். காரணம் அயோடைடு, தேடினாலும் கிடைக்காத அளவு துளியூண்டு கலப்படம். அது தங்கத்தின் மேல் வேறு பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு குச்சி வளரவிடாமல் செய்துவிடுகிறது. கை காரணமில்லை, தூசி காரணமில்லை, பாட்டில்தான். அவர் செய்யவிருந்ததை எழுத்துப் பிசகாமல் வேறு யாரோ செய்து முடித்திருந்தார்கள்.  முதலில் வந்தது வருத்தம்கூட இல்லை, பயம். அவர் இதைப் படித்திருப்பாரோ என்கிற பயம்.

இரண்டு நாள் கழித்து அதை அச்செடுத்துக்கொண்டு செராமிக் பேட்டைக்குப் போனேன். அதே யூனிட்டில் இப்போது மண் சோதனை முழுக்க அவர் பொறுப்பு. சூளைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சுட்ட கட்டைகளை ஒன்றோடு ஒன்று தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, வாங்க மேடம் என்று ஸ்டூலைத் துடைத்துக் கொடுத்தார். ஒரு பையனை அனுப்பி டீ வாங்கிவரச் சொன்னார். முதல் தடவையாக அவரைச் சார் என்று கூப்பிட்டேன். காகிதங்களை வாங்கி, நின்றபடியே, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். படங்களுக்குக் கீழே எழுதியிருந்ததை விரலை வைத்துப் படித்தார். நல்லா செஞ்சிருக்காங்க என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். முகத்தில் கோபமும் இல்லை, ஏக்கமும் இல்லை.

அதற்குமேல் தாங்கவில்லை. அன்றைக்கு அந்த அக்காவிடம் சோப்பு என்று சொன்னது நான்தான் என்றேன். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“தெரியுங்க மேடம். அக்கா அன்னிக்கே பஸ்ஸு ஏறறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லிட்டு அழுதாங்க” என்றார்.

அப்புறம் ஏன் கைடிடம் சொல்லவில்லை, என்னிடமாவது கேட்டிருக்கலாமே என்றேன். அவர் கையிலிருந்த கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நான் சொன்னா யார் நம்புவாங்க. நீங்க சொன்னாத்தான் உண்டு. சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். கடைசி நாளு ஆபீஸு பூட்டற வரைக்கும் வாசப்படியிலயே உக்காந்திருந்தேன்.”

அந்தக் கடைசி நாள் எனக்கு ஞாபகம் இருந்தது. டிசம்பர் முப்பத்தொன்று, சாயங்காலம். ஆபீஸ் வாசப்படியில் அவர் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று முனகியபடி, புடவையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, நான் அவரைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போனேன்.